நானோ திரவமும் புகைபோக்கியின் கணக்கும்

1940-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் மீது இரவுதோறும் ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. குண்டுகளோடு பாராசூட்டில் கட்டிய கடற்கண்ணிகளும் வந்தன. கூரையில் சிக்கியும் கிடங்குகளில் தொங்கியும் வெடிக்காமல் கிடந்த அவற்றைச் செயலிழக்கச் செய்யும் பொறுப்பு பிரிட்டிஷ் கடற்படையின் இளம் அதிகாரிகள் சிலருக்கு. அவர்களில் ஒருவர் பீட்டர் டாங்க்வெர்ட்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர், வயது 23. ஏறக்குறைய 48 மணி நேரம் ஓய்வில்லாமல் உழைத்து 16 கண்ணிகளைக் கையாண்டார். அந்தத் துணிச்சலுக்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது.

போர் முடிந்தபின் அவர் வேதிப் பொறியியலுக்கு வந்தார். அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி, கேட்பதற்கு எளிமையானது: ஒரு வாயு திரவத்துக்குள் எவ்வளவு வேகமாகப் போகும்? அதுவரை பொறியாளர்கள் ஒரு படத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டார்கள். திரவத்தின் மேல் அசையாத மெல்லிய ஏடு ஒன்று படிந்திருக்கிறது, வாயு அதை ஊடுருவித்தான் உள்ளே போயாக வேண்டும் என்பது அந்தப் படம். அந்த ஏடு அப்படி நிலையாக நிற்பதில்லை என்று டாங்க்வெர்ட்ஸ் 1951-இல் எழுதினார். அடியிலிருந்து புதுத் திரவம் மேலே வருகிறது, கொஞ்ச நேரம் வாயுவைச் சந்திக்கிறது, மறுபடி உள்ளே போகிறது. மேற்பரப்பு எவ்வளவு அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது என்று தெரிந்தால், வாயு கரையும் வேகத்தை எழுதிவிடலாம்.

அவரிடம் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த மாணவர்களில் ஒருவர் ஜோத்பூரில் பிறந்த மன் மோகன் சர்மா. 1966-இல் இருவரும் சேர்ந்து, காரக் கரைசல்களும் அமீன் கரைசல்களும் கரியமில வாயுவை உறிஞ்சுவதைப் பற்றி நீண்ட ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார்கள். அதற்குள் சர்மா பம்பாய்க்குத் திரும்பி, 27 வயதிலேயே அங்குள்ள வேதித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியராகியிருந்தார். 1988-இல் அதே பம்பாய் மரபில் அனுராக் மெஹ்ரா ஒரு கணித மாதிரியைக் கொடுத்தார். மேற்பரப்பு ஏட்டின் தடிமனைவிடச் சிறிய துகள்களையோ துளிகளையோ திரவத்தில் கலந்தால் உறிஞ்சும் வேகம் எப்போது கூடும், எவ்வளவு கூடும் என்பதைச் சமன்பாடுகளில் காட்டினார். இப்படி நுண்துகள் கலந்த திரவத்துக்கு நானோ திரவம் என்ற பெயர் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முந்திய வேலை இது.

இன்று அதே கேள்வி கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அலுமினா, சிலிக்கா, இரும்பு ஆக்சைடு, கார்பன் நானோ குழாய் போன்ற நுண்துகள்களை நீரிலோ அமீன் கரைசலிலோ கலந்து, அந்தக் கலவை புகைவாயுவிலிருந்து கரியமில வாயுவை எவ்வளவு பிடிக்கும் என்று மாதிரி செய்யும் கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. பல கட்டுரைகளின் முடிவுகள் உற்சாகம் தருபவை. அந்த உற்சாகத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். ஏனென்றால் ஒரு மாதிரி சொல்லும் எண்ணை நம்பித்தான் நாளை யாரோ ஒருவர் நாற்பது மீட்டர் கோபுரம் கட்டப்போகிறார்.

ஒரு டன்னுக்கு ஆயிரம் யூனிட்

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றால் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியாகிறது. அதில் பெரும்பங்கு புகைபோக்கிகளிலிருந்து வருகிறது. காற்றில் நூற்றுக்கு 0.04 பங்குதான் இருக்கும் இந்த வாயு, நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குவரை இருக்கிறது. பிடிப்பதென்றால் அங்கேயே பிடிப்பது எளிது.

பிடிக்கும் முறையும் பழையது. அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் பாட்டம்ஸ் 1930-இல் காப்புரிமை கேட்டது. உயரமான கோபுரத்தின் மேலிருந்து அமீன் கரைசல் வழிந்து இறங்கும். கீழிருந்து புகைவாயு ஏறும். 40 முதல் 60 டிகிரி வெப்பநிலையில் அமீன் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பிறகு கரைசலை இன்னொரு கோபுரத்துக்கு அனுப்பி 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பற்றியதை விட்டுவிடும். வாயு தனியாகக் கிடைக்கும். கரைசல் குளிர்ந்து மறுபடி முதல் கோபுரத்துக்குப் போகும்.

தூத்துக்குடியில் இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அதையே மூலப்பொருளாக்கிச் சோடா சாம்பல் தயாரிக்கும் அமைப்பு 2016-இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் என்பது திட்டம். கரைசலைக் கொடுத்த கார்பன் கிளீன் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் காரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்கள். அரசு மானியம் கேட்காமல் நடந்த வேலை என்பதால் உலகப் பத்திரிகைகளின் கண்ணில் பட்டது. ஆலைக்குக் கரியமில வாயு தேவைப்பட்டது, அது தன் புகைபோக்கியிலேயே மலிவாகக் கிடைத்தது என்பதுதான் மானியம் தேவைப்படாததற்குக் காரணம். எல்லா அனல்மின் நிலையங்களுக்கும் அப்படியொரு தேவை இல்லை.

வாயுவை விடுவிக்கும் சூடுதான் இந்தத் தொழிலின் வேதனை. வழக்கமான மோனோ எத்தனால் அமீன் 30% கரைசலில் ஒரு டன் கரியமில வாயுவைப் பிரிக்க 3.5 முதல் 4 கிகா ஜூல் வெப்பம் வேண்டும். வீட்டு மீட்டர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஆயிரம் யூனிட். நிலக்கரி நிலையம் ஒரு டன் கரியமில வாயுவை வெளிவிடும்போது உற்பத்தி செய்யும் மின்சாரமும் ஏறக்குறைய ஆயிரம் யூனிட்தான். தேவைப்படுவது தாழ்ந்த வெப்பநிலை நீராவி என்பதால், அதை டர்பைனுக்கு அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் மின்சாரம் அதில் கால் பங்குக்கு அருகில்தான் இருக்கும். அந்தக் கால் பங்கே நிலையத்தின் லாபத்தைத் தின்றுவிடும். பிரித்த வாயுவை 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு அழுத்துவதையும் சேர்த்து, இயற்பியல் விதிகள் கேட்கும் குறைந்தபட்ச வேலை டன்னுக்கு 110 யூனிட் அளவே என்று டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கேரி ரோச்செல் 2009-இல் கணக்கிட்டுக் காட்டினார். நாம் செலவழிப்பதற்கும் இயற்கை கேட்பதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியில்தான் உலகம் முழுவதும் ஆராய்ச்சி நடக்கிறது.

பெரிய நிலையங்களின் அனுபவமும் கலவையானது. கனடாவின் பவுண்டரி டேம் நிலையத்தில் 2014 அக்டோபரில், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் இலக்கோடு தொடங்கினார்கள். டெக்ஸஸின் பெட்ரா நோவா 2017-இல் இயங்கத் தொடங்கி, எண்ணெய் விலை சரிந்த 2020-இல் நின்று, 2023-இல் மறுபடி தொடங்கியது.

துகள் நுழைந்த கதை

நானோ திரவம் என்ற பெயரை 1995-இல் வைத்தவர் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் இருந்த ஸ்டீபன் சோய். அவருடைய அக்கறை வெப்பத்தைக் கடத்துவதில் இருந்தது. உலோகம் நீரைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதையே அடியில் தங்கிவிடாத அளவுக்குப் பொடித்து நீரில் கலந்தால் நல்ல குளிர்விப்பான் கிடைக்கும் என்பது யோசனை. சில ஆண்டுகளிலேயே வியப்பூட்டும் அளவீடுகள் வரத் தொடங்கின. மாக்ஸ்வெல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய சூத்திரம் சொல்வதைவிடப் பல மடங்கு கூடுதலாக வெப்பம் கடத்துவதாகப் பலர் எழுதினார்கள். அதை விளக்கப் புதிய கோட்பாடுகள் வந்தன, கோட்பாடுகளுக்கேற்ற கணினி மாதிரிகளும் வந்தன.

பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. எம்.ஐ.டி.யின் ஜகோபோ போங்கியோர்னோ முன்னின்று, ஒரே மாதிரியான திரவ மாதிரிகளை உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, எல்லோரையும் அளக்கச் சொன்னார்கள். சென்னை ஐஐடி, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆகியவற்றின் விஞ்ஞானிகளும் அதில் இருந்தார்கள். 2009-இல் முடிவு வெளியானது. அசாதாரணமான கூடுதல் எதுவும் தென்படவில்லை. துகள்கள் நன்றாகக் கலந்திருந்தால் மாக்ஸ்வெல் வழிவந்த பழைய கோட்பாடே போதும் என்று தெரிந்தது. இல்லாத ஒன்றை விளக்கவே பத்தாண்டுகளாகக் கட்டப்பட்டிருந்த பல மாதிரிகள் அன்றோடு ஆதாரம் இழந்தன.

பொருள் பரவலிலும் இதேபோல் ஒரு கதை உண்டு. 2006-இல் அரிசோனா ஆய்வாளர்கள் அலுமினா துகள் கலந்த நீரில் சாயத் துளி ஒன்றை விட்டு, அது தூய நீரில் பரவுவதைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுவதைப் படம் பிடித்தார்கள். துகள்களின் ஓயாத துடிப்பு சுற்றியுள்ள நீரைக் கலக்குகிறது என்று விளக்கம் தந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து டெக்ஸஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் விக்டர் உகாஸ் குழு அதே சோதனையை நுண்கால்வாயில் செய்து பார்த்தது. சாய மூலக்கூறும் துகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அந்தத் தோற்றம் வருகிறது என்று காட்டியது.

கரியமில வாயு ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த இரண்டு நிகழ்வுகளும் மனதில் இருக்கவேண்டும். இங்கும் அளவீடுகள் பரந்து கிடக்கின்றன. தென் கொரியாவில் யோங் டே காங் குழுவினர் மெத்தனாலில் 0.01% அளவு அலுமினா அல்லது சிலிக்கா கலந்தபோது உறிஞ்சுதல் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் கூடியது. ஈரானின் ஷிராஸ் பல்கலைக்கழகத்தில் நுண்துளை இழைச் சவ்வுகளின் வழியே நீர் சார்ந்த நானோ திரவத்தை ஓட்டியவர்கள் அதைவிடப் பன்மடங்கு கூடுதல் கண்டார்கள். அங்கே சிலிக்காவைவிடக் கார்பன் நானோ குழாய் நன்றாகச் செயல்பட்டது. கருவி வேறு, திரவம் வேறு, வாயு ஓட்டம் வேறு. ஒரு சோதனையின் சதவீதத்தை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் எந்தப் பொருளும் கிடைக்காது.

துகள் ஏன் உதவுகிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ரயில் நிலையச் சுமைக்காரரைப் போல, துகள் மேற்பரப்பிலிருந்து வாயுவைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு உள்ளே போய் இறக்கிவிட்டு வருகிறது என்பது ஒன்று. 1979-இல் நெதர்லாந்தின் கார்ஸும் சகாக்களும் கார்பன் பொடி கலந்த நீரில் புரொப்பேன் கரைவதை ஆராய்ந்தபோது இந்த விளக்கம் உருவானது. துகள்கள் குமிழிகள் ஒன்றுசேர்வதைத் தடுத்துச் சிறிதாகவே வைத்திருக்கின்றன, அதனால் வாயுவும் திரவமும் சந்திக்கும் பரப்பு கூடுகிறது என்பது இரண்டாவது. மேற்பரப்பு ஏட்டைத் துகள்கள் கலக்கிவிட்டு மெலிதாக்குகின்றன என்பது மூன்றாவது. டாங்க்வெர்ட்ஸின் மொழியில் சொன்னால், புதுப்பித்தலின் வேகத்தைக் கூட்டுகின்றன.

அணுவிலிருந்து கோபுரம்வரை

கணினி மாதிரி என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல உலகங்கள் இருக்கின்றன. மிக அடியில் குவாண்டம் கணக்கு. ஒரு கரியமில வாயு மூலக்கூறு டைட்டானியம் ஆக்சைடு மேற்பரப்பில் எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதை எலக்ட்ரான்களின் பரவலிலிருந்து கணிப்பது. சில நூறு அணுக்களைத் தாண்டினால் பெரிய கணினிகளும் திணறும்.

அதற்கு மேல் மூலக்கூறு இயக்கவியல். ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான் 1964-இல் 864 ஆர்கான் அணுக்களை ஒரு கணினிக்குள் விட்டு, நியூட்டனின் விதிப்படி அவை எப்படி நகர்கின்றன என்று பின்தொடர்ந்தார். திரவம் ஒன்றை அணு அணுவாகக் கணினியில் காட்டிய முன்னோடி வேலை அது. அவர் இருந்ததும் ஆர்கான் ஆய்வகத்தில்தான். நானோ திரவமும், அதை அணு அளவில் மாதிரி செய்யும் கலையும் ஒரே வளாகத்தில் முப்பது ஆண்டு இடைவெளியில் வளர்ந்தவை என்பது மகிழ்ச்சியான தற்செயல். இன்று லேம்ப்ஸ், க்ரோமாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு, கல்லூரி ஆய்வு மாணவரும் பல்லாயிரம் அணுக்களை ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் அந்த ஓட்டத்தின் எல்லையை மறக்கக் கூடாது. கணக்கு ஒரு அடி எடுத்துவைப்பது ஒரு ஃபெம்டோ நொடிக்கு, அதாவது ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதையும் மறுபடி பத்தாகப் பிரித்த துணுக்குக்கு. பத்து லட்சம் அடிகள் வைத்தால் ஒரு நானோ நொடி. அந்த நேரத்தில் ஒரு கரியமில வாயு மூலக்கூறு நீருக்குள் நகர்வது மூன்று நான்கு நானோமீட்டர். மாதிரிப் பெட்டியும் பெரும்பாலும் பத்து நானோமீட்டர் அகலம்தான். அதற்குள் 50 நானோமீட்டர் துகளை வைக்க இடம் இல்லை. அதனால் இரண்டு மூன்று நானோமீட்டர் துகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆலைக் கோபுரமோ பல பத்து மீட்டர் உயரம், அதில் திரவம் வழிந்து இறங்க நிமிடங்கள் ஆகும். நடுவில் பத்தைப் பத்து முறை பெருக்கினால் வரும் அளவுக்கு இடைவெளி.

அந்த இடைவெளியைத் தாண்ட மேல்நிலை மாதிரிகள் வருகின்றன. திரவ ஓட்டத்துக்கு நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள், வாயுப் பரவலுக்கு ஃபிக்கின் விதி, வினைக்கு வேகச் சமன்பாடுகள். இவற்றை ஓப்பன்ஃபோம், ஃப்ளூயன்ட், காம்சால் போன்ற மென்பொருள்களில் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்துத் தீர்க்கிறார்கள். இழைச் சவ்வு மாதிரிகள் இதில் அதிகம். இழையின் வடிவம் எளிமையான குழாய் என்பதால் கணக்கும் எளிது.

பெரிய கணினி இல்லாமல், ஒரு தாளில் போடக்கூடிய இரண்டு கணக்குகள் இந்தத் துறைக்கு மிகவும் பயன்படும்.

முதல் கணக்கு. ஒரு லிட்டர் நீரில் 50 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா ஒரு கிராம் போடுகிறோம். அதன் மொத்த மேற்பரப்பு சுமார் 54 சதுர மீட்டர். அதன்மேல் கரியமில வாயு மூலக்கூறுகளை இடைவெளியே இல்லாமல் ஓரடுக்காக அடுக்கினாலும் சேர்வது சுமார் 0.02 கிராம். அந்த ஒரு லிட்டர் நீரோ, 25 டிகிரியில் வளிமண்டல அழுத்தமுள்ள தூய கரியமில வாயுவில் தானாகவே கரைத்துக்கொள்வது 1.45 கிராம் அளவு. துகள் சேர்த்தது நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஆக, இவ்வளவு சிறு அளவுத் துகளால் உறிஞ்சுதல் நாற்பது சதவீதம் கூடியது என்று ஒரு கட்டுரை சொன்னால், அது வேகத்தைச் சொல்கிறதா கொள்ளளவைச் சொல்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். வேகம் என்றால் நடக்கலாம். கொள்ளளவு என்றால், துகளில் துளைகளோ அமீன் பூச்சோ இல்லாதபோது, அந்த எண்ணை நம்ப வழியில்லை.

இரண்டாவது கணக்கு சுமைக்காரரைப் பற்றியது. ஐன்ஸ்டைனின் பரவல் சூத்திரப்படி 50 நானோமீட்டர் துகள், கரியமில வாயு மூலக்கூறைவிடச் சுமார் இருநூறு மடங்கு மெதுவாகத்தான் பரவும். சுமையைத் தூக்கிப் போகிறவர் சுமையைவிட இருநூறு மடங்கு மெதுவாக நடந்தால், வெறும் துடிப்பை நம்பி அவரால் உதவ முடியாது. குமிழியோ கிளறியோ திரவத்தை அசைக்கும்போது அந்த ஓட்டம் துகளைத் தூக்கிச் செல்லவேண்டும். அப்படியானால் கருவியின் அசைவுதான் விடையைத் தீர்மானிக்கிறது. அமைதியான பெட்டிக்குள் மூலக்கூறு இயக்கவியல் ஓட்டிப் பெற்ற எண்ணை, கொந்தளிக்கும் கோபுரத்துக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது.

பல மாதிரிகளில் பலவீனம் இருப்பது இந்த இடத்தில்தான். துகளின் உதவியைக் காட்ட, பரவல் கெழுவை ஒரு அனுபவச் சூத்திரத்தால் பெருக்குகிறார்கள். அந்தச் சூத்திரத்தின் மாறிலிகள் வேறொரு கருவியில், வேறொரு திரவத்தில் எடுத்த அளவீடுகளுக்குப் பொருத்தியவை. அவை பொருந்தாவிட்டால் கொஞ்சம் மாற்றிப் பொருத்துகிறார்கள். வரைபடத்தில் சோதனைப் புள்ளிகளும் மாதிரிக் கோடும் அழகாக ஒன்றுசேரும். சேர்ந்ததற்குக் காரணம் இயற்பியலா, பொருத்தியதா என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. பார்க்காத ஒரு சோதனையை முன்கூட்டியே சொல்லச் சொன்னால்தான் தெரியும்.

ஒரு மாதிரியும் ஒரு சோதனையும் மோதினால் என்ன நடக்கவேண்டும் என்பதற்கு ஐன்ஸ்டைனே சாட்சி. திரவத்தில் சிறு கோளங்களைக் கலந்தால் பாகுத்தன்மை எவ்வளவு கூடும் என்பது 1905-இல் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டின் பகுதி. துகள்கள் எத்தனை சதவீத இடம் பிடிக்கின்றனவோ அதே சதவீதம் கூடும் என்று எழுதினார். பாரிஸில் ழான் பெரென் ஆய்வகத்தில் ழாக் பான்செலென் அளந்து பார்த்தபோது அதைவிட மிகக் கூடுதலாக வந்தது. அளவீட்டைக் குறைசொல்லி ஒதுக்காமல், தன் கணக்கைச் சரிபார்க்கும்படி லுட்விக் ஹாப்பிடம் ஐன்ஸ்டைன் கேட்டார். ஹாப் பிழையைக் கண்டுபிடித்தார். 1911-இல் திருத்தம் வெளியானது. ஒரு சதவீதம் துகள் கலந்தால் பாகுத்தன்மை இரண்டரை சதவீதம் கூடும். இன்று நானோ திரவ மாதிரிகள் ஏராளமானவற்றில் இந்த 2.5 உட்கார்ந்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் இயந்திரக் கற்றலும் நுழைந்துவிட்டது. வெளியான கட்டுரைகளிலிருந்து அளவீடுகளைத் திரட்டி, துகளின் வகை, அளவு, செறிவு, வெப்பநிலை ஆகியவற்றைக் கொடுத்து, உறிஞ்சுதலைச் சொல்லும்படி நரம்பணு வலையைப் பயிற்றுவிக்கிறார்கள். துல்லியம் 99 சதவீதம் என்று முடியும். ஒரே கருவியில் ஒரே நாளில் எடுத்த புள்ளிகளில் சிலவற்றைப் பயிற்சிக்கும் மற்றவற்றைத் தேர்வுக்கும் வைத்தால் அப்படித்தான் வரும். ஒரு ஆய்வகத்தின் புள்ளிகளை முழுவதுமாக விலக்கிவைத்துப் பயிற்றுவித்து, பிறகு அந்த ஆய்வகத்தைக் கணிக்கச் சொல்வது நியாயமான தேர்வு. துகள் போட்டும் எதுவும் கூடவில்லை என்ற சோதனைகள் அதிகம் அச்சேறுவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். வலை படிப்பது அச்சேறியதை மட்டும்தான்.

அமீன் என்னும் உப்புக் கரைசல்

நீரில் நடந்த சோதனையை அமீனுக்கு மாற்றும்போது இன்னும் இரண்டு தடைகள் குறுக்கே வருகின்றன. நீரில் கரியமில வாயு பல பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மெதுவாகப் பரவவேண்டும், அங்கே ஏட்டைக் கலக்குவது உதவும். 30% அமீன் கரைசலில் அது மேற்பரப்பிலிருந்து கால் மைக்ரோமீட்டர் போவதற்குள் வினைபுரிந்துவிடுகிறது. ஏட்டைக் கலக்குவதால் கிடைக்கும் லாபம் அங்கே மிகக் குறைவு.

இரண்டாவது தடை மின்னூட்டம். நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியுள்ள மின்னூட்ட அடுக்கு காரணம். உப்பு குறைந்த நீரில் அந்த அடுக்கு பத்து நானோமீட்டர்வரை விரிந்து, துகள்களைத் தள்ளிவைக்கும். கரியமில வாயுவைக் குடித்த அமீன் கரைசலோ கார்பமேட், பைகார்பனேட் அயனிகள் நிறைந்த அடர்த்தியான உப்புக் கரைசல். அதில் அந்த அடுக்கு ஒரு நானோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தள்ளும் விசை போய்விட்டால் ஈர்ப்பு விசை வெல்லும். துகள்கள் திரள்களாகும், திரள்கள் அடியில் தங்கும். 1940-களில் டெர்யாகின், லாண்டாவ், வெர்வே, ஓவர்பீக் ஆகியோர் எழுதிய கோட்பாடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் பல மாதிரிகளில் துகள்கள் கடைசிவரை தனித்தனியாக, ஒரே அளவில், ஒழுங்காக மிதக்கின்றன. துகள்களின் மேற்பரப்பில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை நட்டு அவற்றைப் பிரித்துவைக்கலாம். ஆனால் 120 டிகிரியில் ஆயிரக்கணக்கான முறை சூடேறி இறங்கிய பிறகும் அந்தச் சங்கிலிகள் தாக்குப்பிடிக்குமா என்று மாதிரி சொல்லியாகவேண்டும்.

நம்பிக்கைக்கு இடம் இருப்பது வேறு பக்கத்தில். உறிஞ்சும் கோபுரத்தைவிட, வாயுவை விடுவிக்கும் கோபுரத்தில்தான் துகளுக்கு உண்மையான வேலை காத்திருக்கலாம். கொதிக்கும் திரவத்தில் குமிழி பிறக்கத் துகளின் பரப்பு இடம் தரும். சில உலோக ஆக்சைடுகளும் திட அமிலங்களும் கார்பமேட்டை உடைப்பதற்கு வினையூக்கியாக உதவி, குறைந்த வெப்பநிலையிலேயே வாயுவை வெளிவரச் செய்கின்றன. கனடாவின் ரெஜைனா பல்கலைக்கழகத்திலும் கொரியாவிலும் இதில் அக்கறையான வேலை நடந்திருக்கிறது. செலவு இருப்பதே அந்த ஆயிரம் யூனிட்டில்தான். உறிஞ்சும் வேகம் கூடினால் கோபுரத்தின் உயரத்தைக் குறைக்கலாம், அது முதலீட்டில் மிச்சம். விடுவிக்கும் சூடு குறைந்தால் ஒவ்வொரு நாளும் மிச்சம். எனவே ஒரு நானோ திரவ மாதிரி உறிஞ்சும் பாதியை மட்டும் கணக்கிட்டு நின்றுவிட்டால், மின்நிலைய மேலாளர் கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

துகளையே திரவமாக்கிவிடும் வழியும் இருக்கிறது. அலிசா பார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த கலப்புப் பொருள்களில் சிலிக்கா உட்கருவைச் சுற்றிப் பாலிமர் சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருக்கும். முழுப் பொருளும் தானே பாயும். இங்கே மூலக்கூறு இயக்கவியல் உண்மையாகவே உதவுகிறது, ஏனென்றால் கேள்வியே சங்கிலிகளுக்கு நடுவே வாயு எங்கே உட்காரும் என்பதுதான்.

முழு ஆலையையும் மாதிரி செய்ய நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2011-இல் தேசிய ஆய்வகங்களையும் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக் கரியமில வாயுப் பிடிப்புக்கான கணினி மாதிரித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வினை, ஓட்டம், கோபுரம், ஆலை என்று ஒவ்வொரு நிலையிலும் உள்ள நிச்சயமின்மையை மேல்நிலைக்குக் கடத்திச் சென்று, கடைசி எண் எவ்வளவு மேலே கீழே போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வது அதன் சிறப்பு. சாதாரண அமீன் கரைசல் மாதிரியை அலபாமாவில் உள்ள சோதனை ஆலையின் அளவீடுகளோடு வைத்துச் சரிபார்த்தார்கள். மென்பொருளைப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நானோ திரவத்துக்காக மாதிரி செய்பவர்கள் இதன்மேலேயே கட்டலாம்.

இந்தியாவுக்கு இது தொலைவான விவகாரம் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் என்டிபிசி 2022-இல் ஒரு நாளைக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பை இயக்கியது. 500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளில் வெளிவிடுவது பத்தாயிரம் டன்னுக்கு மேல். அவ்வளவையும் அமீனில் பிடிப்பதென்றால், ஒரு டன் வாயுவுக்கு ஏறக்குறைய இருபது டன் கரைசல் என்ற கணக்கில், நாளொன்றுக்கு இரண்டு லட்சம் டன் கரைசல் சுற்றிவரவேண்டும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு துகள் இருந்தாலும் பம்புகளையும் வால்வுகளையும் வெப்பப் பரிமாற்றிகளையும் ஒரு நாளில் கடந்துபோகும் துகள் 200 டன். தேய்மானம், அடைப்பு, புகையோடு வெளியேறும் இழப்பு எல்லாவற்றையும் மாதிரிக்குள் கொண்டுவந்தாக வேண்டும்.

வெப்பக் கடத்தலுக்கு 2009-இல் நடந்ததைப் போன்ற ஒரு கூட்டுச் சோதனை இங்கும் வேண்டும். அதில் பங்கெடுத்த அனுபவம் சென்னைக்கும் கல்பாக்கத்துக்கும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே துகள், ஒரே கரைசல், ஒரே தொகுப்பிலிருந்து எல்லோருக்கும் போகவேண்டும். 40 டிகிரியில் உறிஞ்சும் வேகம், 120 டிகிரியில் விடுவிக்கும் வெப்பம், நூறு மணி நேரச் சுழற்சிக்குப் பின் துகள்களின் அளவு ஆகிய மூன்றையும் எல்லோரும் அளக்கவேண்டும். மாதிரி செய்பவர்கள் தங்கள் கணிப்பை அளவீடு வெளியாவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடவேண்டும். அனுப்பும் குப்பியில் இருக்கவேண்டியது தூய நீர் அல்ல. ஒருமுறையாவது கரியமில வாயுவைக் குடித்து, கொதித்து, குளிர்ந்து வந்த அமீன் கரைசலாக அது இருக்கவேண்டும்.